தோட்ட அலுவலகத்துக்கு டெஸ்க்டாப் பாணி வலைச் செயலி: வியூ 3 கொண்டு அடியிலிருந்து கட்டும் முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நேரமும் நிறுக்கும் கொழுந்தின் கணக்கு மாலையில் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேரும். அலுவலக எழுத்தரான கிளாக்கர் அதைச் செக்ரோலில், அதாவது தொழிலாளரின் வருகையும் வேலையும் பதியும் பதிவேட்டில், ஏற்றவேண்டும். ஒருவருடைய நிறுவையைப் பதியும்போதே அவருக்கு அன்று பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; போன வாரத்துக் கிலோவோடு ஒப்பிடவேண்டும்; இடையில் யாராவது வந்து, தான் வாங்கிய முற்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்பார். பக்கம் பக்கமாகத் திறக்கும் வலைத்தளத்தில் இந்த வேலையைச் செய்தால், ஒவ்வொரு தடவையும் பாதி நிரப்பிய படிவத்தை விட்டுவிட்டு வேறு பக்கத்துக்கு ஓடவேண்டும். ஒரே டேபுக்குள் பல விண்டோக்கள், கீழே டாஸ்க்பார், மவுஸைத் தொடாமலே ஓடும் விசைப்பலகை வேலை ஆகியவற்றைக் கொண்ட டெஸ்க்டாப் பாணிச் செயலிதான் இங்கே பொருந்தும்.

தலைப்புப் பட்டையும் மூடும் பெருக்கல் குறியும் வரைவது ஒரு நாள் வேலை. ஏற்றிய ஒரு வரிகூடத் தொலையாமல் இருப்பதும், முந்நூறு பேரின் கணக்கை ஏற்றும்போது கை தடைப்படாமல் ஓடுவதுமே கடினம். இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். இங்கே உதாரணம் கொழுந்து நிறுவை; கடைக்கணக்கு, மருந்தகம், கூட்டுறவுச் சங்கம் என எதற்கும் இதே அமைப்பு ஓடும்.

எதைக் கொண்டு கட்டுவது

எக்ஸ்ட் ஜேஎஸ் போன்ற கட்டமைப்புகளில் விண்டோ, கிரிட், மெனு எல்லாம் ஆயத்தமாகவே கிடைக்கும். ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் உண்டு; ஒரு சிறு அலுவலகத்துக்கு அது கட்டுபடியாகாது. கூக்ஸ்டூ திறந்த மூல மென்பொருள், விண்டோ வசதியும் உள்ளே இருக்கிறது. ஆனால் அது தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடிப்பது சிரமம். செயலியை நீங்கள் கட்டிக் கொடுத்தபின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் இன்னொரு இளைஞர்தான் அதைப் பராமரிக்கப்போகிறார். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புள்ள கருவியையே எடுங்கள். நாங்கள் வியூ 3 (திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு), டைப்ஸ்கிரிப்ட் (வகை சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட்), வீட் (செயலியைத் தொகுத்து ஓட்டும் கருவி), பினியா (பொதுத் தரவை வைக்கும் ஸ்டோர்) ஆகிய நான்கையும் எடுக்கிறோம். விண்டோ நிர்வாகத்தை நாமே எழுதுவோம். அது முந்நூறு வரிக்கு மேல் போகாது.

நோட் ஜேஎஸ்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவி, டெர்மினலில் "என்பிஎம் கிரியேட் வியூ அட் லேட்டஸ்ட்" கட்டளையைக் கொடுங்கள். கேள்விகளுக்கு டைப்ஸ்கிரிப்ட், பினியா இரண்டுக்கும் ஆம் சொல்லுங்கள், பக்கம் மாற்றும் வியூ ரௌட்டர் வேண்டாம். "என்பிஎம் ரன் டெவ்" கொடுத்ததும் 5173ஆம் போர்ட்டில் செயலி திறக்கும். பதிப்புகளைப் பூட்டிவைக்கும் லொக் கோப்பைக் கண்டிப்பாக கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்தமுறை "என்பிஎம் சிஐ" கொடுத்தால் அதே பதிப்புகளே வரும். இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் பதிப்பு மாறி இறங்கி, எது உடைந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படி 1: விண்டோவைத் தரவாக எழுதுதல்

பினியா ஸ்டோரில் ஒரு பட்டியல் வையுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் அதில் ஒரு பதிவு: அடையாள எண், வகை (நிறுவை, செக்ரோல், முற்பணம்), தலைப்பு, இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம், அகலம், உயரம், அடுக்கு எண், நிலை (சாதாரணம், சுருக்கியது, விரித்தது), உள்ளே அனுப்பவேண்டிய விவரம். விண்டோ திறப்பதென்றால் பட்டியலில் ஒரு பதிவைச் சேர்ப்பது. மூடுவதென்றால் அதை எடுப்பது. திரையில் தெரிவதெல்லாம் இந்தப் பட்டியலின் விளைவு மட்டுமே. எந்தக் கம்போனென்டும் (திரையின் ஒரு பகுதியை வரையும் கோட் துண்டு) நேரடியாக இன்னொரு விண்டோவைத் தொடக்கூடாது.

இதில் நான்கு இடங்களில் கால் இடறும்.

வகையிலிருந்து கம்போனென்டைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் அகராதிப் பொருள் வையுங்கள். கம்போனென்டையே பதிவுக்குள் போடாதீர்கள். போட்டால் வியூ அதையும் ரியாக்டிவ் (மாற்றம் கண்காணிக்கப்படும் பொருள்) ஆக்கிவிட்டு, கன்சோலில் எச்சரிக்கையைக் கொட்டும், வேகமும் குறையும். போட்டே ஆகவேண்டுமென்றால், கண்காணிப்பைத் தவிர்க்கும் மார்க்ரா கொண்டு சுற்றுங்கள்.

வி-ஃபார் எழுதும்போது கீ ஆக அடையாள எண்ணையே கொடுங்கள். பட்டியலின் வரிசை எண்ணைக் கொடுத்தால், மூன்று விண்டோக்களில் நடுவில் இருப்பதை மூடும்போது, மூடியதில் பாதி எழுதிய விவரம் மூன்றாவது விண்டோவுக்குள் போய் உட்காரும், மூன்றாவதில் எழுதியது தொலையும்.

ஒரு விண்டோவை முன்னுக்குக் கொண்டுவரப் பட்டியலின் வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால் வியூ அந்த விண்டோவின் டொம் (பக்கத்தின் எலிமென்ட் மரம்) பகுதியைப் பிடுங்கி வேறிடத்தில் நடும். உள்ளே இருந்த கர்சரும் ஸ்க்ரோல் நின்ற இடமும் போய்விடும், ஐஃப்ரேம் இருந்தால் முதலிலிருந்து ஏறும். பட்டியல் அப்படியே இருக்கட்டும். அடுக்கு எண்ணை மட்டும் ஒன்று கூட்டுங்கள்.

சுருக்கிய விண்டோவுக்கு வி-இஃப் போடாதீர்கள், வி-ஷோ போடுங்கள். வி-இஃப் கம்போனென்டையே அழித்துவிடும். அதோடு எழுதிக்கொண்டிருந்ததும் போகும். ஆனால் வி-ஷோவில் மறைந்திருக்கும் பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தால் பூச்சியம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே கிரிட் இருந்தால் ரீசைஸ்அப்சர்வர் மூலம், திரும்பத் தெரியும்போது மறுபடி அளக்கச் செய்யுங்கள்.

படி 2: சட்டகம், இழுத்தல், நீட்டல்

எல்லா விண்டோவுக்கும் பொதுவாக ஒரே சட்டகக் கம்போனென்ட் போதும்: 32 பிக்சல் தலைப்புப் பட்டை, உள்ளடக்கத்துக்கு ஸ்லொட், எட்டு நீட்டுமுனைகள்.

இழுப்பதற்கு மவுஸ் நிகழ்வுகளை விட்டுவிட்டுப் பாயின்டர் நிகழ்வுகளை எடுங்கள். மவுஸ், விரல், பேனா மூன்றுக்கும் ஒரே கோட் ஓடும். பட்டையில் அழுத்தியதும் தொடக்க இடத்தைக் குறித்துக்கொண்டு செட்பாயின்டர்கேப்ச்சர் கொடுங்கள். கொடுக்காவிட்டால், கை வேகமாகப் போகும்போது கர்சர் பட்டையைத் தாண்டி வெளியே போய், விண்டோ பாதியில் நின்றுவிடும். பட்டைக்கு டச்-ஆக்ஷன் நன் என்ற ஸ்டைலும் வேண்டும். அது இல்லாத டேப்லெட்டில் பிரவுசர் இழுப்பை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு பாயின்டர்கேன்சல் அனுப்பிவிடும். அந்த நிகழ்வையும் விரலை எடுத்த நிகழ்வைப் போலவே முடித்துவையுங்கள்.

இழுக்கும்போது ஒவ்வொரு அசைவையும் ஸ்டோரில் எழுதவேண்டாம். சட்டகத்துக்குள் இருக்கும் ரெஃப் ஒன்றில் வைத்துக்கொண்டு, கையை விட்டதும் ஒருமுறை ஸ்டோருக்குக் கொடுங்கள். விண்டோ நின்ற இடங்களை லோக்கல் ஸ்டோரேஜில் சேமிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்; அது எழுதி முடியும்வரை பக்கம் முழுவதையும் நிறுத்திவைக்கும்.

நீட்டுவதில் வலது முனையும் கீழ் முனையும் எளிது. இடது முனையில்தான் அநேகமான கோட் பிழைக்கிறது. ஒரு விண்டோ இடமிருந்து 200 பிக்சலில் தொடங்குகிறது, அகலம் 500, குறைந்தபட்ச அகலம் 320 என்று வையுங்கள். வலது ஓரம் 700இல் இருக்கிறது. பயனர் இடது முனையைப் பிடித்து 250 பிக்சல் வலப்பக்கம் தள்ளுகிறார். தொடக்கத்தோடு 250ஐக் கூட்டி, அகலத்தில் 250ஐக் கழித்து, பிறகு அகலத்தை 320க்கு உயர்த்தினால், தொடக்கம் 450 ஆகி வலது ஓரம் 770க்குப் போய்விடும். விண்டோ நடக்கத் தொடங்கிவிட்டது. சரியான வழி, அழுத்திய நொடியிலேயே வலது ஓரமான 700ஐக் குறித்துவைப்பது. புதிய அகலம், 700இலிருந்து இடது முனை வந்த இடத்தைக் கழித்த எண், 320 ஆகிய இரண்டில் எது பெரியதோ அது. தொடக்கம், 700இலிருந்து அந்த அகலத்தைக் கழித்தது, அதாவது 380. மேல் முனைக்கும் இதே கணக்கு.

விண்டோ திரைக்கு வெளியே போய்த் தொலையாமல் எல்லை வையுங்கள். மேலிருந்து தூரம் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது. பட்டையில் குறைந்தது 60 பிக்சலாவது எப்போதும் தெரியவேண்டும். தோட்ட அலுவலகங்களில் 1366க்கு 768 பிக்சல் கொண்ட பழைய மடிக்கணினிகள் இன்னும் ஓடுகின்றன. பிரவுசரின் பட்டைகள் போக உயரத்தில் ஏறத்தாழ 650தான் மிஞ்சும். எனவே எந்த விண்டோவின் ஆரம்ப உயரமும் 560ஐத் தாண்டவேண்டாம். பெரிய திரையில் சேமித்த இடங்களைச் சின்னத் திரையில் திறக்கும்போதும், பிரவுசரின் அளவு மாறும்போதும், எல்லாவற்றையும் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அடுக்குகளும் மெனுவும்

அடுக்கு எண்களுக்குத் தொடக்கத்திலேயே எல்லை பிரித்துவிடுங்கள்: விண்டோக்களுக்கு 100 முதல் 999, டாஸ்க்பாருக்கு 1000, மெனுவுக்கு 2000, எச்சரிக்கைப் பெட்டிக்கு 3000. எண்ணி 999ஐ நெருங்கினால், இருக்கும் வரிசை கெடாமல் எல்லா விண்டோவுக்கும் 100இலிருந்து மறுபடி எண் கொடுங்கள்.

கீழ்விரி மெனு விண்டோவுக்குள் வெட்டுப்பட்டு நிற்பது பலரையும் மணிக்கணக்கில் அலைக்கழிக்கும். காரணம் இதுதான்: விண்டோவை நகர்த்த டிரான்ஸ்ஃபார்ம் பயன்படுத்தினால், அதற்குள் இருக்கும் ஃபிக்ஸ்ட் பெட்டி திரையை விட்டுவிட்டு அந்த விண்டோவையே அளவாக எடுத்துக்கொள்ளும். வியூவின் டெலிபோர்ட் கொண்டு மெனுவைப் பக்கத்தின் பொடி எலிமென்டுக்கு அனுப்பினால் தீரும். எச்சரிக்கைப் பெட்டிக்கு டயலொக் எலிமென்டின் ஷோமோடல் பயன்படுத்தினால் அது எல்லா அடுக்குக்கும் மேலே ஏறிவிடும். அப்போது பொடிக்குப் போன மெனு அதற்குப் பின்னால் மறையும். பெட்டிக்குள் வரும் மெனுவை அந்த டயலொக்குக்குள்ளேயே டெலிபோர்ட் செய்யுங்கள்.

படி 4: விசைப்பலகை

நிறுவைப் பதிவு விண்டோ எப்படி ஓடவேண்டும் என்று கிட்ட நின்று பார்ப்போம். திறந்ததும் கர்சர் செக்ரோல் நம்பர் பெட்டியில் நிற்கும். கிளாக்கர் 147 அடித்து என்டர் தட்டுகிறார். பக்கத்தில் பெயரும், அன்று காலையும் நண்பகலும் பதிந்த கிலோவும் உடனே தெரிகின்றன. கர்சர் நிறைப் பெட்டிக்குத் தாவுகிறது. 18.4 அடித்து என்டர். நிறையிலிருந்து வெட்டும் கழிவு தானாக நிரம்புகிறது. என்டர். வரி சேமிக்கப்பட்டு மேலே பட்டியலில் சேர, கர்சர் மறுபடி நம்பர் பெட்டிக்கு வருகிறது. கண் காகிதத்திலேயே இருக்கலாம்.

இல்லாத நம்பர் அடித்தால் அலர்ட் பெட்டி வரவே கூடாது. பெட்டியின் ஓரம் சிவந்து, நம்பர் தேர்ந்த நிலையில் நிற்கட்டும். அடுத்து அடிப்பது அதன்மேல் விழும். ஒரே நேரத்து நிறுவைக்கு ஒரே ஆள் இரண்டாம் முறை வந்தால் முதல் வரியைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். இரண்டு கூடை கொண்டுவந்தவரும் இருப்பார், தவறி இருமுறை ஏறியதும் இருக்கும்.

கழிவை நிகர நிறைக்குள் ஒளிக்காதீர்கள். கூடைக்கு எவ்வளவு, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு என்று இரண்டு தனித் தூண்களாக எழுதி, கொழுந்து எடுத்தவர் கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டக்கூடியதாக வையுங்கள். மலையகத்தில் இந்தக் கழிவு காலங்காலமாகச் சண்டைக்குக் காரணமாக இருக்கிறது. அந்தக் கணக்கு இனியாவது வெளிச்சத்தில் இருக்கவேண்டும்.

நிறைப் பெட்டிக்கு நம்பர் வகை இன்புட் வேண்டாம். கர்சர் உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டால் சில பிரவுசர்களில் எண் சத்தமில்லாமல் மாறிவிடும். டெக்ஸ்ட் வகை வைத்து, இன்புட்மோட் டெசிமல் கொடுத்து, எண்ணா என்று நீங்களே சரிபாருங்கள்.

குறுக்குவழி விசைகளில், கன்ட்ரோலோடு என், டி, டபிள்யூ மூன்றும் பிரவுசருடையவை. சாதாரண டேபில் குரோம் அவற்றை உங்களிடம் தரவே தராது. ஆல்ட் எழுத்துகள் பிரவுசர் மெனுவோடு மோதும். எஃப்5 பக்கத்தை மீள ஏற்றும், எஃப்6 முகவரிப் பட்டைக்குப் போகும், எஃப்7 பயர்பாக்ஸில் வேறு வேலை செய்யும், எஃப்11உம் எஃப்12உம் ஏற்கனவே எடுபட்டவை. மிஞ்சும் எஃப்2, எஃப்4, எஃப்8, எஃப்9 நான்கையும் தாராளமாக எடுங்கள்: புதிய பதிவு, விண்டோவை மூடு, அடுத்த விண்டோ, தேடு.

எழுத்து விசையைக் கண்டறிய நிகழ்வின் கீ புலத்தைப் பார்க்காமல் கோட் புலத்தைப் பாருங்கள். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது கீ தமிழ் எழுத்தைத் தரலாம். கோட் விசை இருக்கும் இடத்தைச் சொல்வதால் மாறாது.

படி 5: தமிழில் வரும் சிக்கல்கள்

வி-மொடல், உள்ளீட்டு முறை எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் மதிப்பைப் புதுப்பிக்காது. பெயர் தேடும் பெட்டியில் தமிழில் அடிக்கும்போது பட்டியல் தாமதித்து வடிகட்டுவது இதனால்தான். அந்தப் பெட்டிக்கு மட்டும் மதிப்பையும் இன்புட் நிகழ்வையும் தனித்தனியாகக் கட்டுங்கள். என்டரைப் பிடிக்கும் இடத்தில் இஸ்கம்போசிங் உண்மையா என்று பார்த்து, உண்மையென்றால் விட்டுவிடுங்கள். எழுத்தை உறுதிசெய்ய அடித்த என்டர் வரியைச் சேமித்துவிடக் கூடாது.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது எகரக் குறியும் காலும் இரண்டு குறியீடாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "கொழுந்துராஜ்" என்று தேடினால் கிடைக்காமல் போவது இதனால். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் கொண்டு, ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

வெறும் சார்ட் கொடுத்தால் பெயர்கள் யூனிகோட் எண் வரிசையில் நிற்கும். அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று வரும். நம் அகராதி வரிசை அதுவன்று. இன்ட்ல் கொலேட்டருக்குத் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்து ஒருமுறை உருவாக்கி, அதையே எல்லா வரிசைப்படுத்தலுக்கும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் பட்டியல் பெரிதாகும்போது திணறும்.

அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் எக்செல் கோப்புகளில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. அவை யூனிகோட் அல்ல. எழுத்துருவை நீக்கினால் ஆங்கில எழுத்துக் குவியலே மிஞ்சும். இறக்குமதிக்கு முன் மாற்றியில் போட்டு, ஒவ்வொரு பெயரையும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சரிசெய்யட்டும். சம்பளச் சீட்டில் பெயர் பிழைத்தால் வங்கியில் அலையப்போவது தொழிலாளிதான்.

பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நீளம். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்காவது இருந்தால்தான் எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகள் வெட்டுப்படாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே வையுங்கள், இணையத்திலிருந்து இழுக்கவேண்டாம்.

படி 6: கிலோ, சதம், திகதி

பணத்தையும் நிறையையும் தசமத்தில் சேமிக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் 4.35ஐ 100ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும், அதை வெட்டினால் 434 சதம். கிலோவைக் கிராமாகவும் ரூபாயைச் சதமாகவும் முழு எண்ணில் வைத்து, மாற்றும் இடத்தில் மேத் ரவுண்ட் கொடுங்கள். தசமம் திரையில் காட்டும்போது மட்டுமே.

சம்பள விகிதத்தைக் கோடில் எழுதவே கூடாது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 900 ரூபாயும் 100 ரூபாய்க் கொடுப்பனவுமாக 1000 ரூபாயானது; பிறகும் மாறியது, இனியும் மாறும். விகிதம் எதுவானாலும் எந்தத் திகதியிலிருந்து என்பதோடு சேர்த்து அட்டவணையில் வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் ஆகியவையும் அதே அட்டவணைக்கே போகவேண்டும். பழைய மாதத்தைத் திறந்தால் பழைய விகிதத்திலேயே கணக்கு வரவேண்டும்.

திகதியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். திகதித் தேர்வி 2025 மார்ச் 1 நள்ளிரவு என்று கொடுத்ததை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கினால், அது பெப்ரவரி 28 மாலை 18:30 ஆகிவிடும். அதன் முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் மார்ச் முதலாம் திகதிக் கொழுந்து முழுவதும் பெப்ரவரிச் சம்பளத்துக்குள் போகும். வேலை நாள் என்பது நேரமில்லாத விவரம். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்திலிருந்து தனித்தனியாக எடுத்து எழுத்தாகச் சேமியுங்கள். மாதமும் நாளும் இரண்டு இலக்கமாக இருக்கட்டும்.

படி 7: மின்சாரம் போனாலும் மிஞ்சும் சேமிப்பு

மஸ்கெலியாப் பக்கம் மழை பிடித்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. ஆகவே சேமி என்ற பொத்தானே வேண்டாம்; ஒவ்வொரு வரியும் என்டர் தட்டியதும் பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட் டிபிக்குள் போகவேண்டும்.

எழுதும் டிரான்சாக்ஷனைத் திறக்கும்போது டியூரபிலிட்டி ஸ்ட்ரிக்ட் என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் குரோமும் பயர்பாக்ஸும், தரவை இயங்குதளத்திடம் ஒப்படைத்ததுமே முடிந்தது என்று சொல்லிவிடும்; வட்டில் விழுவதற்குள் மின்சாரம் போனால் கடைசி வரிகள் போகலாம். ஸ்ட்ரிக்ட் கொஞ்சம் மெதுவாக ஓடும். கையால் வரி வரியாக ஏற்றும் வேலையில் அது தெரியாது. சேமித்ததாகத் திரையில் காட்டுவது, ரிக்வெஸ்டின் சக்சஸ் வந்ததும் அல்ல. டிரான்சாக்ஷனின் கம்ப்ளீட் வந்தபிறகு.

வியூவின் ரியாக்டிவ் பொருளை அப்படியே இன்டெக்ஸ்ட் டிபிக்குக் கொடுத்தால் டேட்டாகுளோன்எரர் வரும். வியூ சுற்றிவைக்கும் ப்ராக்ஸியை அதனால் பிரதியெடுக்க முடியாது. தேவையான புலங்களை எடுத்துப் புதிய சாதாரணப் பொருள் ஒன்றைக் கட்டிக் கொடுங்கள். திறந்த டிரான்சாக்ஷனுக்குள் ஃபெட்ச் போன்ற காத்திருக்கும் வேலை எதையும் வைக்காதீர்கள். வேலை இல்லையென்று கண்டதும் டிரான்சாக்ஷன் தானாக மூடிவிடும், திரும்பி வந்து எழுதினால் பிழை.

இரண்டு டேபில் ஒரே செயலி திறந்திருக்கும்போது தரவுத்தளத்தின் பதிப்பை உயர்த்தினால், பழைய டேப் விடும்வரை புதியது தொங்கிக்கொண்டு நிற்கும். வெர்ஷன்சேஞ்ச் நிகழ்வு வந்ததும் பழைய டேப் இணைப்பை மூடவேண்டும். செயலி முதல்முறை திறக்கும்போது நேவிகேட்டர் ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட் கேட்டுவிடுங்கள். வட்டு நிரம்பும்போது பிரவுசர் தானாக அழிக்கும் பட்டியலிலிருந்து விலகலாம்.

படி 8: பெரிய பட்டியல்

தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனில் 300 பேர், நாளுக்கு மூன்று நிறுவை, மாதம் 26 நாள் என்றால் 23,400 வரி. எல்லாவற்றையும் டேபிளாக வரைந்தால் பழைய மடிக்கணினி உறைந்துவிடும். வரி உயரத்தை 32 பிக்சலாக நிலைப்படுத்தி, மொத்த உயரத்துக்கு ஒரு வெற்றுப் பெட்டி வைத்து, கண்ணில் படும் வரிகளை மட்டும் வரையுங்கள். 480 பிக்சல் உயரத்தில் 15 வரி தெரியும். மேலும் கீழும் ஐந்து சேர்த்தால் 25 போதும். வரிகளின் பட்டியலை ரெஃபில் வைக்காமல் ஷாலோரெஃபில் வையுங்கள். 23,400 பொருளையும் வியூ ஆழமாகக் கண்காணிக்க வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு விலை கொடுக்கவேண்டும். பிரவுசரின் தேடலில் வரையாத வரிகள் அகப்படா. எஃப்9இல் சொந்தத் தேடல் வேண்டும். அச்சடித்தால் தெரியும் வரிகள் மட்டுமே வரும். செக்ரோல் அச்சுக்கு முழுப் பட்டியலையும் வரையும் தனிப் பக்கம் எழுதுங்கள்.

படி 9: சேவையகத்தோடு ஒத்திசைவு

ஒவ்வொரு வரியும் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனில், அனுப்பவேண்டியவை என்ற, இன்டெக்ஸ்ட் டிபியின் இன்னொரு ஸ்டோரிலும் அதன் அடையாளம் விழட்டும். பின்னணியில் ஒரு வேலை அதை எடுத்து அனுப்பும்; தோற்றால் 5 விநாடி, 10, 20 என்று கூட்டி 300 விநாடிவரை காத்துத் திரும்ப முயலும். நேவிகேட்டர் ஆன்லைனை நம்பாதீர்கள்: ரௌட்டரோடு இணைப்பு இருந்தாலே, வெளியே இணையம் செத்துக் கிடந்தாலும் அது உண்மை என்றே சொல்லும். பதில் வந்தால்தான் போய்ச் சேர்ந்தது.

அடையாள எண்ணை அனுப்பும் கணினியே ரேண்டம்யூயூஐடி கொண்டு உருவாக்கட்டும். பதில் வராமல் இரண்டாம் முறை அனுப்பினாலும் சேவையகம் அதே எண்ணைக் கண்டு இரட்டிப்பாகப் பதியாது.

பதிந்த நிறுவையைத் திருத்த அனுமதிக்காதீர்கள். பிழை என்றால் பழைய வரியைச் சுட்டும் திருத்த வரி ஒன்று புதிதாக விழவேண்டும், யார் போட்டார், ஏன் என்பதோடு. இரண்டு கணினிகள் ஒரே வரியை மாற்றி மோதும் சிக்கல் இதனால் அடியோடு போகிறது. ஒருவருடைய கிலோ எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்கும் பதில் கையில் இருக்கும்.

படி 10: நிறுவுதல்

"என்பிஎம் ரன் பில்ட்" கொடுத்தால் டிஸ்ட் கோப்புறையில் எல்லாம் விழும். அதைத் தளத்தின் உட்கோப்புறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் வீட் அமைப்பில் பேஸ் பாதையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வெள்ளைத் திரைதான்.

இணையமின்றித் திறக்க, கோப்புகளைப் பிரவுசரிலேயே வைத்துக் கொடுக்கும் சர்வீஸ் வொர்க்கர் வேண்டும். அது எச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே ஓடும். அலுவலகத்து ஒரு கணினியைச் சேவையகமாக்கி, மற்றவை 192.168 என்று தொடங்கும் முகவரியில் வெறும் எச்டிடிபியாகத் திறந்தால் சர்வீஸ் வொர்க்கர் பதியாது, மேலே சொன்ன ரேண்டம்யூயூஐடியும் இருக்காது. உங்கள் கணினியில் எல்லாம் ஓடி, அலுவலகத்தில் ஓடாததற்கு முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. ஒரு டொமைன் பெயர் வாங்கி, டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் எடுத்து, அந்தப் பெயரை உள் முகவரிக்குக் காட்டுங்கள். சேவையகம் இணையத்துக்குத் திறந்திருக்கத் தேவையில்லை.

புதிய பதிப்பு வந்ததும் பக்கத்தைத் தானாக மீள ஏற்றாதீர்கள். நான்கு விண்டோவில் வேலை நடந்துகொண்டிருக்கும். டாஸ்க்பாரில் சிறு அறிவிப்பு வரட்டும், கிளாக்கர் தனக்கு வசதியான நேரம் அழுத்துவார். சேவையகத்தில் பழைய பதிப்பின் கோப்புகளை உடனே அழிக்கவும் வேண்டாம். பழைய டேப் இன்னும் திறக்காத விண்டோவின் கோப்பைத் தேடி வந்து, இல்லையென்று விழும்.

கொடுப்பதற்கு முன் சோதனை

பேட்டரி இல்லாத கணினியில் வரிகளை ஏற்றிக்கொண்டே இருந்து, பாதியில் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்ப ஏற்றியதும், சேமித்ததாகத் திரை காட்டிய கடைசி வரிவரை இருக்கவேண்டும். ரௌட்டரின் இணையக் கம்பியை மட்டும் கழற்றி ஒரு நாள் வேலை முழுவதையும் ஏற்றிவிட்டு, மாட்டியதும் சேவையகத்தில் எண்ணிக்கை சரியா, இரட்டிப்பு இல்லையா என்று பாருங்கள். கணினியின் கடிகாரத்தை மாதத்தின் முதலாம் திகதி அதிகாலைக்கு வைத்து ஒரு நிறுவை பதியுங்கள். மவுஸைக் கழற்றிவைத்துவிட்டு ஐம்பது பேரின் கணக்கை ஏற்றச் சொல்லுங்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கே கோடைத் திருத்துங்கள்.

பிறகு ஒரு முழுச் சம்பள மாதம் காகிதச் செக்ரோலும் செயலியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் கிலோவும் சதமும் இரண்டிலும் ஒத்துவர வேண்டும். ஒருவருக்கு வித்தியாசம் வந்தாலும் காரணம் கண்டுபிடிக்கும்வரை காகிதத்தை நிறுத்தாதீர்கள். சம்பளம் அதுவரை காகிதத்தின்படியே போகட்டும்.